எர்ணாவூருக்கு வரும் மூவகை வெள்ளம்: தெருவாரியாக அபாயத்தை மதிப்பிடும் முறை

இயற்கையால் நேரக்கூடிய சேதங்களை முன்கூட்டி மதிப்பிடும் வேலை கலெக்டர் ஆபீசுக்கும் வானிலை ஆராய்ச்சி நிலையத்துக்குமே உரியதென்று நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். புயலின் பலத்தை அளப்பதும், அது கரையேறும் இடத்தைக் குறிப்பதும் அவர்கள் வேலையே, அதில் ஐயமில்லை. ஆனால் அப்புயல் வந்த இரவில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், அத்தெருவில் நடக்கமாட்டாத முதியோர் எத்தனை பேர், அவர்களை எவ்வழியாக எங்கே கொண்டுபோக வேண்டும் என்பவை ஆபீஸ் படங்களில் அகப்படுவன அல்ல. தெருவில் குடியிருப்போரே அவற்றைக் கணக்கெடுத்தல் வேண்டும். ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு பேரிடர்த் திட்டம் இருக்கவேண்டுமென்றும், எந்தப் பகுதி எவ்வகை ஆபத்துக்கு இலக்காகும் என்பது அதில் காணப்படவேண்டுமென்றும் 2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் விதித்திருக்கிறது. அத்திட்டம் ஜில்லா முழுவதையும் ஒருங்கே பார்ப்பது. ஓர் ஊரையும் ஒரு தெருவையும் பார்க்கும் கணக்கு எவ்வாறு போடப்படும் என்பதே இப்பாடத்தின் விஷயம். வட சென்னையைச் சேர்ந்த எர்ணாவூரை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் சில சொற்களைப் பிரித்தறிதல் அவசியம். புயல், பெருமழை, ஆற்றுப்பெருக்கு, ஆழிப்பேரலை ஆகியவற்றை ஆபத்து என்போம். அவ்வாபத்தின் வழியில் இருக்கும் வீடுகளும், உயிர்களும், படகுகளும், வலைகளும் அதன் இலக்கு. இலக்காக இருப்பவை அடியைத் தாங்க மாட்டாமலும், அடிபட்ட பின் எழமாட்டாமலும் இருக்கும் தன்மை பலவீனம். இம்மூன்றும் ஒன்றுகூடும்போது விளையக்கூடிய நஷ்டமே அபாயம் எனப்படும். ஒரே பலமுள்ள புயல், ஆளில்லாத உப்பளத்தின்மேல் வீசினால் பாத்திகள் கரையும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த குடியிருப்பின்மேல் வீசினால் உயிர் போகும். புயல் ஒன்றே, அபாயம் வேறு. ஆகையால் "பெரிய புயல் வருமா?" என்று கேட்பதோடு நின்றுவிடுபவர் கணக்கின் மூன்றில் ஒரு பங்கையே போட்டவராவர். மற்ற இரண்டு பங்கும் நம் கையில் இருப்பவை.

மலைப்பிரதேசத்தில் இக்கணக்குப் போடுவோர் முதலில் நோக்குவது நிலத்தின் சரிவு. நீலகிரியில் 2009ஆம் வருஷம் நவம்பர் மாதம் பெய்த பெருமழையால் குன்னூர், உதகை, கோத்தகிரி வட்டாரங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வயநாட்டில் 2024ஆம் வருஷம் ஜூலை 30ஆந்தேதி விடியுமுன் முண்டக்கை, சூரல்மலை என்னும் ஊர்களின்மேல் மலையே இறங்கி வந்து 200க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அங்கே சரிவு மிகுந்திருப்பதால் ஆபத்து. எர்ணாவூரிலோ சரிவு இல்லாமையினாலேயே ஆபத்து. மலையில் தண்ணீரும் மண்ணும் சில நிமிஷங்களில் வந்து கடந்துவிடும். இங்கே வந்த தண்ணீர் போகவழியின்றி நாட்கணக்கில் நிற்கும். ஆயினும் கணக்குப் போடும் முறை இரண்டிடத்துக்கும் ஒன்றுதான்.

நிலத்தின் அமைப்பு

எர்ணாவூர், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலோரமாக நீண்டு கிடக்கும் ஒரு பட்டையான நிலம். இப்பகுதி 2011ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு, அதன் முதல் மண்டலமாகிய திருவொற்றியூர் மண்டலத்தில் அடங்கியிருக்கிறது. ஊர் நகரமாயிற்றே தவிர நிலம் பழைய நிலமே. கிழக்கே வங்காள விரிகுடாவும், கரையை ஒட்டி எண்ணூர் விரைவுச் சாலையும், அதற்கு மேற்கே கும்மிடிப்பூண்டி செல்லும் இரயில் பாதையும், அதற்கப்பால் பக்கிங்காம் கால்வாயும், பின்னர் மணலியின் தொழிற்சாலைகளும் கொசஸ்தலையாற்றுச் சமவெளியும் முறையே அமைந்திருக்கின்றன. அவ்வாறு வடக்கே திரும்பி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது.

சோழமண்டலக் கரையின் பொதுவான இயல்பு ஒன்றை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். கடல் ஒதுக்கிய மணல், கரையோரத்தில் மேடாகக் கிடக்கும். அம்மேட்டுக்குப் பின்னால் நிலம் தாழ்ந்து பள்ளமாகும். அப்பள்ளத்தைப் பார்த்தே கால்வாய் வெட்டினார்கள். ஆகவே கடலுக்கு அருகிலிருப்பவர் தாழ்விலும், தூரத்திலிருப்பவர் மேட்டிலும் இருப்பதாகப் பார்வைக்குத் தோன்றுவது பெரும்பாலும் பிழை. கடலைவிட்டு மேற்கே போகப்போக ஒருவர் தாழ்ந்த நிலத்துக்கே போகிறார். எர்ணாவூரின் அபாயக் கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நிற்கிறது.

பக்கிங்காம் கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான பகுதி 1806ஆம் வருஷத்தை ஒட்டி காக்ரேன் என்பவரால் வெட்டப்பட்டு அவர் பெயராலேயே வழங்கிற்று. 1877, 1878ஆம் வருஷங்களின் கொடும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக மேலும் வெட்டப்பட்டு, அக்காலத்துக் கவர்னரின் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போய்வருவதற்காக உண்டான நீர்வழி அது. படகுக் கால்வாய்க்கு வாட்டம் கூடாது. வாட்டமிருந்தால் படகு எதிரேற முடியாது. சாக்கடைக்கும் வெள்ள வடிகாலுக்குமோ வாட்டமே உயிர். வாட்டமில்லாமல் வெட்டிய ஒன்றை வடிகாலாக உபயோகித்துக்கொண்டு, "ஏன் வடியவில்லை?" என்று வருஷந்தோறும் வியப்பது விந்தையே.

கடல்வழி வருவது

கடலிலிருந்து மூன்று விதமாக ஆபத்து வருகிறது. புயலின்போது உயர்ந்து பாயும் அலை ஒன்று, ஆழிப்பேரலை ஒன்று, நாள்தோறும் சிறுகச் சிறுகக் கரையை அரிப்பது மற்றொன்று.

கரை அரிப்பின் காரணம் நூற்றைம்பது வருஷத்துக்கு முற்பட்டது. இக்கரையோரத்தில் மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் தெற்கு நோக்கியும், ஏனைய மாதங்களில் வடக்கு நோக்கியும் அலைகள் மணலைத் தள்ளுகின்றன. வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. 1876ஆம் வருஷத்தை ஒட்டிச் சென்னைத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்கள் எழும்பத் தொடங்கியதும், வடக்கே போகும் மணல் தெற்குச் சுவரில் தடைப்பட்டுத் தேங்கிற்று. மெரினாக் கடற்கரையின் இன்றைய அகலம் அவ்விதம் வந்ததே. தெற்கே கூடிய மணல் வடக்கே குறைந்தது; இராயபுரத்தில் தொடங்கிய அரிப்பு காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று வடக்கே பரவிற்று. சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கடலுக்குள் குறுக்குச் சுவர்களும் போடப்பட்டன. கல் சாலையைக் காக்கிறது, மெய்தான். ஆனால் கல் கிடக்குமிடத்தில் படகை இழுத்து நிறுத்த மணல் இல்லை. வலை உலர்த்த இடமில்லை. அன்றியும், அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்ளும் அகன்ற மணற்பரப்பு போய்விட்டபடியால் புயல்நாளில் அலை நேரே கல்லின்மேல் மோதிச் சாலைக்கு வருகிறது. அபாயக் கணக்குப் போடுவோர் இதனையும் எழுதுதல் வேண்டும்: 1881ஆம் வருஷம் நவம்பர் மாதத்துப் புயல் முடியும் தறுவாயிலிருந்த துறைமுகச் சுவர்களையே தகர்த்துவிட்டது. கல் என்பதனால் அசையாதென்று கொள்ளலாகாது.

ஆழிப்பேரலையைப் பற்றி 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆந்தேதிக்கு முன் நம் கரையில் அறிந்தவர் சிலரே. அன்று நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்திரா தீவருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அவ்வதிர்வைச் சென்னையிலும் பலர் உணர்ந்தனர். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்து, 9 மணியளவில், அலை இக்கரையை அடைந்தது. கடலின் ஆழம் எவ்வளவோ அவ்வளவுக்கு இவ்வலையின் வேகம். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அலை, 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீட்டராகத் தணிகிறது. வேகம் தணியத் தணிய உயரம் கூடும். அன்று இரண்டரை மணி நேரம் கையிலிருந்தும் சொல்வாரில்லாமல் வீணாயிற்று. அதன் பயனாக 2007ஆம் வருஷம் அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் தொடங்கப்பட்டது. பெரிய கடலடி அதிர்ச்சி உண்டான சுமார் 10 நிமிஷத்துக்குள் முதல் செய்தியை அது அனுப்பக்கூடும். 2012ஆம் வருஷம் ஏப்ரல் 11ஆந்தேதி சுமத்திராவருகே மீண்டும் அதிர்ச்சி உண்டானபோது சென்னையில் மக்கள் கடற்கரையை விட்டு அகன்றனர். பெரிய அலை வரவில்லை. அன்று வீணாக ஓடினோமே என்று சொல்வோர் உளர். ஓடிப் பார்த்த நாளை வீண்நாள் என்று கொள்வது தவறு. எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தோம் என்பதைக் குறித்து வைத்திருந்தால் அதைவிட நல்ல பரீட்சை வேறில்லை.

2004ஆம் வருஷத்து அலையைப் பற்றிக் கவனிக்கத்தக்க வேறொன்றுண்டு. தமிழ்நாட்டுக் கரையில் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தனர். ஆடவர் சிலர் கடலிலும் வேறு வேலைகளிலும் இருந்தார்கள். பெண்களோ கரையில் மீன்கூடையருகேயும், வீட்டில் குழந்தைகளருகேயும் இருந்தார்கள். ஆபத்தின் இலக்கை எண்ணும்போது வீட்டின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் இவ்விஷயம் மறைந்துபோகும். காலை 9 மணிக்கு அவ்வீட்டில் யார் இருப்பர், இரவு 2 மணிக்கு யார் இருப்பர் என்று பிரித்து எழுதவேண்டும்.

மேற்கிலிருந்தும் மேலிருந்தும் வருவது

கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் 1944ஆம் வருஷத்தில் நீர்த்தேக்கம் அமைந்தது. அது நிறைந்தால் 323 கோடி கன அடி தண்ணீர் கொள்ளும். பெருமழையில் தேக்கம் நிறைந்து, மேலும் வரும் தண்ணீரை ஆற்றில் திறந்துவிடும்போது "விநாடிக்கு இத்தனை கன அடி" என்று செய்தி வரும். இந்த எண்ணைக் கேட்டு அஞ்சுவோர் உண்டு. கேளாததுபோல் இருப்போரும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போர் அரியர். விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்தால் ஓடுவது 86 கோடியே 40 லட்சம் கன அடி. அதாவது தேக்கம் கொள்ளும் தண்ணீரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் ஆற்றில் இறங்கிவிடும். பூண்டிக்குக் கீழே வழிநெடுகப் பெய்யும் மழை இக்கணக்கில் சேராது. 2021ஆம் வருஷம் நவம்பரில் இவ்வாற்று வெள்ளம் மணலிப் புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது.

அவ்வளவு தண்ணீரும் எண்ணூர் முகத்துவாரத்தின் வழியாகவே கடலுக்குப் போகவேண்டும். முகத்துவாரத்தில் மணல் திட்டு வளருகிறது. உள்ளே கழிமுகத்தில் அனல் மின்நிலையச் சாம்பற்சேறு படிந்து ஆழம் குறைந்திருக்கிறது. சதுப்பாக இருந்த பரப்பிற் பெரும்பகுதி மண் நிரப்பப்பட்டுக் கட்டிடங்களும் கிடங்குகளும் ஆயிற்று. சென்னைக் கரையில் கடலேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் உவாநாட்களில் ஏறக்குறைய 1 மீட்டர். ஒரு மீட்டர் தானே என்று நினைக்கலாகாது. நிலமே கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் மட்டும் இருக்கும் ஊரில் ஒரு மீட்டர் பெரிய அளவு. கடலேற்றமும், கரைநோக்கி வீசும் புயற்காற்றும், ஆற்றுப்பெருக்கும் ஒரே வேளையில் சேர்ந்தால் முகத்துவாரம் அடைபட்ட கதவாகிறது. ஆற்றுநீர் கால்வாயில் எதிர்த்து ஏறி எர்ணாவூரின் மேற்குத் தெருக்களுக்கு வரும்.

மழையின் கணக்கு இன்னும் எளிது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தின்மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். 2023ஆம் வருஷம் டிசம்பர் 3, 4ஆந்தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நகர்ந்து சென்றபோது நகரத்தில் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. சதுர கிலோமீட்டருக்கு 40 கோடி லிட்டர். அப்புயல் கரையேறியது எர்ணாவூரில் அன்று. 5ஆந்தேதி ஆந்திர தேசத்துப் பாபட்லாவருகே. புயல் நம்மூரில் கரையேறாது என்ற செய்தி கேட்டு நிம்மதியாய்ப் படுத்தவர்கள் நடுநிசியில் கட்டிலின்மேல் ஏறி நின்றனர். காற்றின் கணக்கும் மழையின் கணக்கும் வேறு வேறு. 2016ஆம் வருஷம் டிசம்பர் 12ஆந்தேதி வந்த வர்தா புயலிலோ காற்றே முதன்மை. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ஒரே மாதம், ஒரே ஊர், இரண்டு புயல், இரண்டு வித நஷ்டம்.

மிக்ஜாம் வெள்ளத்தோடு எர்ணாவூருக்கு மற்றொன்றும் வந்தது. மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய்ப் படலம் கால்வாய் நீரில் மிதந்து வந்து, கழிமுகம் முழுவதும் பரவிப் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கிற்று. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரம்வரை எண்ணெய்க் கோடு பதிந்தது. தொழிற்சாலை சூழ்ந்த ஊரில் இயற்கைச் சேதம் தனியே வருவதில்லை என்பது இதனால் விளங்கும். வெள்ள நீரை வெறும் நீரென்று எழுதிய கணக்கு இவ்வூருக்குப் போதாது.

ஓர் அபாயத்தினின்று மற்றோர் அபாயத்துக்கு

2004ஆம் வருஷத்து அலைக்குப்பின் வட சென்னையின் கடலோரக் குடும்பங்கள் பல, கடலிலிருந்து அகற்றப்பட்டுத் திருவொற்றியூர்க் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் குடியேற்றப்பட்டன. கடலிலிருந்து காப்பது என்ற ஒரே நோக்கில் பார்த்தால் அது சரியான காரியமே. ஆனால் அந்நிலம் தாழ்ந்தது. 2005ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழையில் அக்கொட்டகைகளில் வெள்ளம் புகுந்தது. கடல் தண்ணீருக்குத் தப்பியவர்கள் ஒரு வருஷம் முடிவதற்குள் மழைத் தண்ணீரில் நின்றனர். பின்னர் எர்ணாவூரில் அடுக்கு வீடுகள் கட்டப்பட்டன; அவற்றை இன்றும் சுனாமிக் குடியிருப்பு என்றே ஜனங்கள் வழங்குகின்றனர்.

இதில் யாரையும் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவசர காலத்தில் கிடைத்த நிலத்தில்தான் கொட்டகை போடமுடியும். ஆனால் கணக்கின் குறை எங்கே என்பதை வாசகர்கள் காணவேண்டும். ஒரு ஆபத்தை மட்டும் எழுதி, அதற்குத் தூரமான இடத்தைத் தேடினார்கள். அவ்விடத்துக்கு வேறு ஆபத்து எது என்று எழுதவில்லை. எர்ணாவூர் போன்ற நிலத்தில் கடலுக்குத் தூரம் என்பது கால்வாய்க்குக் கிட்டம் என்றே பொருள்படும்.

இதனாலேயே, எல்லா ஆபத்துகளுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டி, "இத்தெருவுக்கு 10க்கு 7" என்று ஓர் எண்ணில் முடிக்கும் முறை நமக்குச் சம்மதமில்லை. ஜில்லாக்களை ஒப்பிட்டுப் பணம் ஒதுக்குவோருக்கு அது உதவலாம். தெருவிலிருப்பவருக்கு அவ்வெண் எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லாது. ஆழிப்பேரலைக்கு மேற்கே, அல்லது உறுதியான கட்டிடத்தின் மேல்மாடிக்குப் போகவேண்டும். ஆற்று வெள்ளத்துக்குக் கிழக்கே, மணல்மேட்டுப் பக்கம் வரவேண்டும். 2023ஆம் வருஷம் டிசம்பர் 26ஆந்தேதி இரவு பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் இருளில் ஓடினார்களே, அத்தகைய வாயுவுக்கோ காற்று வீசும் திசைக்குக் குறுக்காகப் போகவேண்டும். ஒரே ஊரில் மூன்று ஆபத்துக்கு மூன்று திக்கு. அவற்றிற்கு நடுவே இரயில் பாதையும் கால்வாயும் கிடக்கின்றன; கடப்பதற்குரிய பாலங்களும் வாயில்களும் சிலவே. ஆழிப்பேரலை ஆற்று முகத்துவாரங்களின் வழியாகவும் உள்ளே ஏறும் இயல்புடையதாதலால், மேற்கே ஓடுகிறவர் கால்வாய்க் கரையில் போய் நிற்பதும் பிழை. அருகில் உறுதியான மாடிக் கட்டிடம் இருக்குமாயின், கால்வாயைக் கடக்க முயல்வதைவிட அதில் ஏறுவதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

கணக்கெடுக்கும் விதம்

இனி வேலைக்கு வருவோம். இதற்கு வேண்டுவன ஒரு நோட்டுப்புத்தகம், அளவு நாடா, கொத்தனார்கள் தளமட்டம் பார்க்கும் நீர்மட்டக் குழாய் இவைகளே. கண்ணாடிபோல் தெரியும் நீண்ட குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஓரிடத்தின் உயரத்தை மற்றோரிடத்துக்குக் கொண்டுபோக இதைவிட மலிவான கருவி இல்லை. பாடசாலையின் மேல்வகுப்புப் பிள்ளைகள் நால்வர் இருந்தால் ஒரு நாளில் இரண்டு தெருக்களை அளந்துவிடலாம்.

ஆரம்பத்துக்கு அசையாத ஓரிடம் வேண்டும். இரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் கடல்மட்டத்திலிருந்து அந்நிலையத்தின் உயரம் எழுதப்பட்டிருப்பது வழக்கம். அருகிலுள்ள நிலையத்தில் அது காணப்பட்டால் அதுவே ஆரம்பமாகலாம். இல்லையேல் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரையோ, கோயில் படியையோ சுழியாக வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து ஒவ்வொரு தெருவிலும் ஐந்து அல்லது ஆறு வாசற்படிகளின் உயரத்தைக் குறிக்கவேண்டும். பிறகு அந்தந்த வீட்டில் 2015, 2021, 2023ஆம் வருஷங்களில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்கவேண்டும். "முழங்கால் அளவு", "இடுப்பளவு" என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளாமல் சுவரில் கைவைத்துக் காட்டச் சொல்லி, நாடாவால் அளக்கவேண்டும். ஒரே தெருவில் மூன்று வீட்டார் காட்டும் கோடுகள் நீர்மட்டக் குழாயில் ஒத்துவந்தால் அது நம்பத்தக்கது. ஒத்துவராவிடில் யாரோ ஒருவர் வேறு வருஷத்து வெள்ளத்தைச் சொல்லுகிறார் என்று கொள்க. எர்ணாவூரில் 2023ஆம் வருஷத்து எண்ணெய்க் கோடு சில சுவர்களில் மிஞ்சியிருக்குமானால் அது மிகத் திருத்தமான சாட்சி. வெள்ளையடிக்குமுன் அதை அளந்துவிடுவது நலம்.

தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதோடு, எத்திக்கிலிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது, எவ்வழியாக வடிந்தது என்பவற்றையும் கேட்கவேண்டும். கிழவிகள் இவ்விஷயத்தில் கைதேர்ந்தவர்கள். எந்தச் சந்து வழியாக முதலில் தண்ணீர் வந்தது என்பதை அவர்கள் மறப்பதில்லை. வடிந்த வழியில் மதகு, குழாய், சிறுபாலம் எது இருக்கிறதோ அதன் அகலத்தை அளந்து, அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடலோரக் கற்சுவரின் அடியில் மழைநீர் வெளியேற இடம் விடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தல் அவசியம். கடலை உள்ளே விடாத சுவர் மழையையும் வெளியே விடாமல் நிற்கக்கூடும்.

ஆற்று வெள்ளத்துக்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும். பூண்டியில் தண்ணீர் திறந்த செய்தி வந்த நேரம், திறந்த அளவு, எர்ணாவூரில் கால்வாய் நீர் ஏறத் தொடங்கிய நேரம், அப்போது கடல் ஏற்றமா இறக்கமா என்ற நான்கையும் ஒவ்வொரு முறையும் எழுதிவந்தால், மூன்று நான்கு வெள்ளங்களுக்குள் நம் தெருவுக்கு எத்தனை மணி நேர அவகாசம் உண்டு என்பது தானே தெரியவரும். பிறர் சொல்லும் எந்தக் கணக்கையும்விட அது நம்பத்தக்கது.

பிறகு ஆட்கணக்கு. தானாக நடக்க இயலாதவர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இரவில் வேலைக்குப் போகும் தாயின் தனித்திருக்கும் பிள்ளைகள் ஆகியோரை வீட்டு வரிசைப்படி எழுதவேண்டும். இதில் ஒரு கேள்வியைத் தொண்டர்கள் கேட்கத் தயங்குகிறார்கள், ஆனால் அதுவே முக்கியமானது: "போகச் சொன்னால் போவீர்களா? போகாவிட்டால் ஏன்?" படகையும் எந்திரத்தையும் விட்டுவிட்டு வரமாட்டோம் என்பர் சிலர். வீட்டைப் பூட்டிப்போனால் திருட்டுப்போகும் என்பர் சிலர். முன்பொருமுறை போன முகாமில் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை, இனிப் போகோம் என்பவர்களும் உளர். இவை யாவும் பலவீனத்தின் கணக்கிலேயே சேரும். முகாமில் கழிப்பிடம் அமைப்பது சில நேரங்களில் அணை கட்டுவதைவிட அதிக உயிரைக் காக்கும்.

கடைசியாக நடைப் பரீட்சை. தெருவின் கோடி வீட்டிலிருந்து குறித்த மாடிக் கட்டிடம் வரையில், ஒரு முதியவரையும் ஒரு குழந்தையையும் உடன் கொண்டு, ஒருமுறை பகலிலும் ஒருமுறை விளக்கில்லாத இரவிலும் நடந்து பார்க்கவேண்டும். இரயில்வே வாயில் மூடியிருந்தால் எத்தனை நிமிஷம் கூடுகிறது என்று குறிக்கவேண்டும். மாடிக்குப் போகும் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதவேண்டும். பல ஊர்களில் தப்புமிடம் பூட்டப்பட்டே இருக்கிறது.

நூறு வருஷ வெள்ளம் என்பது

கணக்கெடுத்து முடிந்தபின் ஒரு தப்பெண்ணத்தை நீக்கவேண்டியிருக்கும். 2015ஆம் வருஷத்து மழையை நூறு வருஷத்துக்கொருமுறை வருவதென்று பத்திரிகைகள் எழுதின. ஆகவே இனிப் பேரன் காலத்தில்தான் என்று பலர் ஆறுதலடைந்தனர். நூறு வருஷ வெள்ளம் என்றால் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ளது என்பதே பொருள். போன வருஷம் வந்ததனால் இவ்வருஷம் வாய்ப்புக் குறையாது. ஒருவர் 30 வருஷத் தவணையில் வீடு வாங்குகிறார் என்று கொள்வோம். தவணை முடிவதற்குள் அத்தகைய வெள்ளம் ஒருமுறையேனும் வர நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்புண்டு. பத்து வருஷ வெள்ளமாயின் அதே காலத்தில் நூற்றுக்கு 96 பங்கு. அதாவது வந்தே தீரும் என்று கொள்ளலாம். மேலும் இக்கணக்கு, பழைய மழையும் பழைய நிலமும் மாறாதிருக்கும் என்ற அனுமானத்தின்மேல் நிற்பது. கழிமுகத்தில் மண் நிரம்புந்தோறும், கடல்மட்டம் உயருந்தோறும், நேற்றைய பத்து வருஷ வெள்ளம் அதைவிட அடிக்கடி வரும்.

மேற்கூறிய விவரங்களை ஒரே காகிதத்தில் தெருப்படமாக எழுதி, கடலலைக்குப் போகும் வழியை ஒரு நிறத்திலும், ஆற்று வெள்ளத்துக்குப் போகும் வழியை மற்றொரு நிறத்திலும் வரையவேண்டும். வாயுக் கசிவுக்கு நிலையான கோடு வரைய இயலாது. காற்றின் திசையைக் காட்ட ஒரு துணிக்கொடியை உயரமான மாடியில் கட்டிவைப்பது போதும். ஒரு பிரதி பாடசாலையிலும், ஒன்று ரேஷன் கடையிலும், ஒன்று மீனவர் பஞ்சாயத்தாரிடமும் இருக்கட்டும். மற்றொன்றை மண்டல அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவைக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் செப்டம்பர் மாதத்து முதல் வாரமே இதைத் திருத்துவதற்கு ஏற்ற காலம்: புதிதாகக் குடிவந்தோர், பிறந்த குழந்தைகள், அடைக்கப்பட்ட சந்துகள், உயர்த்தப்பட்ட சாலைகள் இவற்றைச் சேர்த்து, சாவி இருப்பவரின் பெயரையும் அப்போது மாற்றி எழுதவேண்டும்.